முன்பணம் திரும்பினால் முடிந்ததா?

வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது பால்மரத் தொழிலாளிக்குத் தெரியாததல்ல. ஆகவேதான் சேமநிதிப் பணத்தை எடுத்து, போதாததற்கு நகையையும் அடகு வைத்து, ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டுகிறார். விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆகிவிடுகிறது. பேங்குக் கடன் வருவதற்குள் விலை ஏறினால் விற்பவருக்கு மனம் மாறுகிறது. “உங்கள் பணத்தை வாங்கிக் கொள்ளுங்கள், வீடு விற்பதற்கில்லை” என்கிறார். நம்மவரும் பணம் கிடைத்ததே பெரிதென்று கைநீட்டி வாங்கிக் கொள்கிறார்!

அப்படி வாங்கலாகாது என்கிறோம். 1950-ஆம் ஆண்டு ‘ஸ்பெசிபிக் ரிலீப்’ சட்டத்தின் 11-வது பிரிவு வாங்குபவர் பக்கம் நிற்கிறது. வீடு, நிலம் விற்க ஒப்புக்கொண்டவர் பேச்சு மாறினால், அந்த நஷ்டத்தைப் பணத்தால் ஈடுகட்ட இயலாது என்றே நீதிமன்றம் கொள்ளும். அப்படியல்ல என்று விற்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆகவே வீட்டையே கேட்டு வழக்குப் போடலாம். தீர்ப்பு நீதிபதியின் விருப்புரிமை என்பது உண்மை. வாங்குபவர் மீதிப் பணத்துடன் தயாராக இருந்ததையும் காட்ட வேண்டும். எனவே கோபத்தில் கடன் மனுவை ரத்து செய்துவிடாதீர்கள்.

வழக்குக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி நில அலுவலகத்தில் தனியார் ‘கேவியட்’ பதிய வேண்டும். அது இருக்கும்வரை வீட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. ஆயுள் 6 ஆண்டு. ஆனால் அதை நீக்கும்படி உரிமையாளர் மனுச் செய்தால் நோட்டீஸ் வரும். 2 மாதத்துக்குள் உயர்நீதிமன்றத்தில் நீட்டிப்பு ஆணை பெறாவிட்டால் கேவியட் விழுந்துவிடும். நோட்டீஸைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டுப் பிறகு சங்கத்துக்கு ஓடி வந்து பயனில்லை.

வெறும் புக்கிங் ரசீது மட்டும் வைத்திருப்பவர் நிலை வேறு. ‘ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை கட்டுப்பாடில்லை’ என்று அதில் இருந்தால் பெரும்பாலும் பணம் மட்டுமே திரும்பும். மாநில அரசின் சம்மதம் தேவைப்படும் கிராண்டாக இருந்து, சம்மதம் மறுக்கப்பட்டால் விற்பவரைக் குறை சொல்லவும் இயலாது.

பல ஒப்பந்தங்களில் விற்பவர் தவறினால் வீட்டையே கேட்கலாம், அல்லது முன்பணத்தோடு அதே அளவு தொகையை நஷ்டஈடாகப் பெறலாம் என்றிருக்கும். தேர்வு வாங்குபவருடையது. அந்த வரி நமக்கு எட்டாத பாஷையில் கிடக்கிறது. கையெழுத்துக்கு முன் ஒருநாள் மாலை, கிராணிமார்கள் அதை வாசித்துச் சொல்லக் கூடாதா?