சிறை விட்டது, நோய் விட்டதா?



கதவு திறந்தது, கைதி வெளியே வந்தான், கணக்குத் தீர்ந்தது என்கிறது சட்டம். அவனுடைய இரத்தக் குழாய் அப்படிச் சொல்லவில்லையே!

அமெரிக்காவிலே பர்மிங்ஹாம், சிகாகோ, மினியாபொலிஸ், ஓக்லண்ட் ஆகிய நகரங்களிலே 1985, 86-ல் வாலிபர்களைத் திரட்டி ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். கறுப்பரும் உண்டு, வெள்ளையரும் உண்டு. ஆண்டுக்கணக்கில் அவர்தம் உடல்நிலையைத் தொடர்ந்து பார்த்தனர். 2009-லே வெளிவந்த முடிவைப் பாரீர்! சிறை காணாதவரிலே நூற்றுக்கு 7 பேருக்குப் புதிதாக இரத்தக் கொதிப்பு. சிறை சென்று மீண்டவரிலே நூற்றுக்கு 12!

"குடித்திருப்பான், புகைத்திருப்பான், அதற்குச் சிறை என்ன செய்யும்?" என்று கேட்கும் கனவான்கள் எந்த நாட்டிலும் உண்டு. குடியையும் புகையையும் போதைப் பொருளையும், ஏன், குடும்ப வருவாயையும்கூடக் கணக்கிலே கழித்துப் பார்த்தனர். வேறுபாடு மறையவில்லை. கறுப்பு ஆடவரிடமும் படிப்பு குறைந்தவரிடமும் அது துலக்கமாகத் தெரிந்தது. கொதிப்பு வந்தபின் மருத்துவமின்றிக் கிடந்தோரும் சிறை மீண்டவரிலேதான் அதிகம்.

கொதிப்புக்கு நிறம் தெரியாது. சிறைக்கதவுக்குத் தெரிகிறது! 1986-லே ஒரு சட்டம் செய்தனர். 'கிராக்' எனும் கொக்கெயின் கட்டியை விற்பதற்காக 5 கிராம் வைத்திருந்தாலே ஐந்தாண்டு. அதே கொக்கெயின் தூளாக இருந்தால்? 500 கிராம் இருந்தால்தான் அந்த ஐந்தாண்டு! கட்டிக்காகத் தண்டிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர். 2010-லே நூறு மடங்கைப் பதினெட்டு மடங்காக்கினர். சமமாக்க மட்டும் மனம் வரவில்லை.

உள்ளே வைத்தியம் எப்படி? கலிஃபோர்னியாச் சிறைகளிலே, தடுத்திருக்கக்கூடிய சாவு ஆறேழு நாளைக்கு ஒன்று நிகழ்கிறது என்று 2005-லே நீதிமன்றமே கண்டது. நெரிசலைக் குறைக்கச் சொன்ன ஆணையை 2011-லே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒன்பது நீதிபதிகளிலே நால்வருக்கு அதுவும் பொறுக்கவில்லை!

ஏழையின் மருத்துவச் செலவை ஏற்கும் 'மெடிகெய்ட்' திட்டம் 1965-லே பிறந்தது. பிறந்தபோதே, சிறையிலிருப்பவனுக்கு இல்லை என எழுதிவிட்டனர். வெளி மருத்துவமனையிலே உள்நோயாளியாகச் சேர்ந்தால் மட்டும் விலக்கு. மாத்திரை நாள் தவறாமல் வேண்டிய நோய் இது. விடுதலையானவன் வேலைக்கு அலைவானா, வீட்டுக்கு அலைவானா, மருத்துவச் சீட்டுக்கு அலைவானா?

2023-லேதான், மாநிலங்களிலே முதலாவதாகக் கலிஃபோர்னியாவுக்கு ஒரு சலுகை வந்தது. விடுதலைக்கு முந்திய 90 நாள்களிலே சில சிகிச்சைகளுக்கு அந்தத் திட்டத்துப் பணத்தைச் செலவிடலாம். மற்ற மாநிலங்கள் அந்தத் தொண்ணூறு நாளையும் தனித்தனியே மனுப்போட்டுத்தான் பெற வேண்டும்.