மேப் டிஸ்க் விக்கிறவன் கடையை மூடினா சாவியைக் கொடுத்துட்டுப் போகணும்

"கார்ல இருக்கிற நேவிகேஷனுக்கு மேப் டிஸ்க் மாத்தணும்"னு சாட்ல சொன்னா, நம்ம பதிவுலக மக்கள் அத்தனை பேரும் ஒரே குரல்ல சொல்ற பதில்: "போனை மாட்டிட்டுப் போவியா, அதை விட்டுட்டு..." சரிங்க. போன் இருக்குன்னு எனக்கும் தெரியும், நானும் பொட்டி தட்டித்தான் சோறு திங்கிறேன். ஆனா போன் இருக்குங்கிறதால, காரோட காசு வாங்கி வித்த ஒரு பொருளை பாதியில அம்போன்னு விட்டுட்டுப் போனது நியாயம் ஆயிடுமா?

என்கிட்ட இருக்கிறது 2008 மாடல் செகண்ட் ஹேண்ட் கார். நியூ ஜெர்சியில ஓட்டுறேன். (கம்பெனி பேர் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதான்.) டிக்கியில ஒரு டிவிடி பெட்டி, அதுக்குள்ள அமெரிக்கா முழுக்க உள்ள ரோடு ஒரே ஒரு டிஸ்க்ல. இதுல என்ன பிரச்சனைன்னா, ட்ரெண்டன் ஊரைச் சுத்திப் போற ஹைவே 2018 வரைக்கும் ஐ-95. அந்த வருஷம் அதுக்கு ஐ-295னு பேரை மாத்திட்டாங்க. செப்டம்பர்ல பென்சில்வேனியா டர்ன்பைக் பக்கம் புது இணைப்பைத் திறந்து, அதுவரைக்கும் நடுவுல அறுந்து கிடந்த ஐ-95ஐ அந்த வழியா ஒண்ணா சேத்துட்டாங்க. என் டிஸ்க்ல இருக்கிற அம்மாவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லல. அவங்க பாட்டுக்கு 95ல ஏறச் சொல்றாங்க, மேல பச்சை போர்டுல 295னு இருக்கு. எக்ஸிட் நம்பரும் ஒத்து வராது.

பார்ட்ஸ் கவுண்டர்ல போய்க் கேட்டேன். கடைசி டிஸ்க் வந்தது 2016ல, இனிமே வராதாம். வந்துட்டிருந்த காலத்துல ஒரு டிஸ்க் 150 டாலருக்கு மேல. இப்ப 150 இல்ல, 500 கொடுத்தாலும் கிடையாது. அந்த ஆள் மேல தப்பில்ல, பாவம். அவரும் "போன் யூஸ் பண்ணுங்க"ன்னுதான் சொன்னார்.

இந்தப் பெட்டி குப்பைன்னா நானே தூக்கிப் போட்டிருப்பேன். ஆனா உள்ள இருக்கிற வேலைப்பாடு சாதாரணம் இல்லீங்க. 1981ல ஹோண்டா எலக்ட்ரோ கைரோகேட்டர்னு ஒண்ணு விட்டாங்க. சாட்டிலைட் கிடையாது, கார் எந்தப் பக்கம் திரும்புதுன்னு உணர்ற கைரோவும், பிலிம்ல அச்சடிச்ச மேப்பும்தான். 1985ல கலிபோர்னியாவுல ஈடாக்னு ஒரு கம்பெனி மேப்பை ஆடியோ கேசட்ல வெச்சு வித்துச்சு. ஆமா, பாட்டு கேக்குற அதே மாதிரி கேசட்! அந்தப் பரம்பரையில வந்ததுதான் என் டிக்கியில இருக்கிறது. சக்கரம் எத்தனை சுத்து சுத்துச்சு, வண்டி எவ்வளவு திரும்புச்சுன்னு கணக்குப் போட்டு, ஜிபிஎஸ் கிடைக்காத சுரங்கப்பாதைக்குள்ளயும் புள்ளியை நகர்த்திட்டே போகும். டிவிடியில லேசர் இங்கேயும் அங்கேயும் தாவினா நேரமாகும்னு, ஒரே ஏரியா ரோடுகளை டிஸ்க்ல பக்கத்துப் பக்கத்துல அடுக்கி வெச்சிருப்பாங்க. இன்னைக்கு 8 ஜிபி ராம் பத்தலைன்னு அழுற நாம எல்லாம் அந்த ஆளுங்க கால்ல விழணும்.

வெஸ்ட் வர்ஜீனியாவுல கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கிக்காக 1958ல இருந்து ஒரு அமைதி மண்டலம் இருக்கு, சுமார் 13,000 சதுர மைல். தொலைநோக்கியைச் சுத்தி செல் சிக்னலை எதிர்பார்க்க முடியாது. "ஆஃப்லைன் மேப் இறக்கிட்டுப் போகலாமே"ன்னு பின்னூட்டம் போட விரலை மடக்கிட்டு உக்காந்திருக்கிற அண்ணாச்சி, போகலாம். நானும் அப்படித்தான் போனேன். என் கேள்வி வேற. கைரோ நல்லா இருக்கு, லேசர் நல்லா இருக்கு, ஸ்க்ரீன் நல்லா இருக்கு. பழசாப் போனது அதுக்குள்ள இருக்கிற தகவல் மட்டும். அதை ஏன் நான் மாத்திக்கக் கூடாது?

தகவலுக்குப் பஞ்சமா? அமெரிக்க சென்சஸ் பீரோ டைகர்னு ஒரு ரோடு தகவல் தொகுப்பை யார் வேணா எடுத்துக்கலாம்னு பொதுவுல வெச்சிருக்கு. 2004ல ஆரம்பிச்ச ஓபன்ஸ்ட்ரீட்மேப், 2007-08ல அதை அப்படியே உள்ள இழுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் ஊர் உலகத்துல உள்ள ஆர்வலர்கள் உக்காந்து திருத்திட்டே இருக்காங்க. ரோடு போட்டது வரிப்பணம், டைகரும் வரிப்பணம், காருக்குக் காசு கொடுத்தது நான். நடுவுல நிக்கிறது டிஸ்க்கோட ஃபார்மேட்டும், "இது எங்க டிஸ்க்தானா"ன்னு பார்க்கிற ஒரு செக்கும். அந்த ஃபார்மேட் எப்படி இருக்கும்னு வெளியில யாருக்கும் சொல்ல மாட்டாங்க. புது டிஸ்க்கும் போட மாட்டாங்க. வைக்கோல் போர்ல படுத்த நாய் கதைதான்.

"மேப் எங்களோடது இல்ல, லைசென்ஸ் வாங்கி விக்கிறோம்"னு ஒரு சமாளிப்பு உண்டு. 2008ல நோக்கியா 8.1 பில்லியன் டாலர் கொடுத்து நாவ்டெக்கை வாங்குச்சு, டாம்டாம் டெலி அட்லஸை வாங்குச்சு. 2009 அக்டோபர்ல கூகுள் போன்ல வழி சொல்றதை இலவசமாக் கொடுத்ததும் டாம்டாம், கார்மின் பங்கெல்லாம் பொத்துன்னு விழுந்துச்சு. 2015ல நோக்கியாவோட அந்த மேப் பிரிவை வாங்கினது யாருங்கிறீங்க? ஆடி, பிஎம்டபிள்யூ, டைம்லர். மூணும் கார் கம்பெனி! குறைஞ்சபட்சம் இவங்களாவது அந்தச் சமாளிப்பைச் சொல்ல முடியாது. அதோட நான் கேக்குறது அவங்க மேப்பே இல்ல, ஃபார்மேட்டை.

சட்டம்னு பார்த்தா, காப்புரிமைச் சட்டத்துல பூட்டை உடைக்கிறது குத்தம். 2015ல காரோட மென்பொருளுக்கு ஒரு விலக்கு கொடுத்தாங்க, அதுலயும் என்டர்டெயின்மென்ட் சிஸ்டத்தைத் தள்ளி வெச்சுட்டாங்க. 2018ல அந்தத் தடையைத் தளர்த்தினாங்க, தனிச் சந்தாவுல வர்ற மென்பொருள் மட்டும் வெளியே நின்னுச்சு. இப்ப புது கார்ல மேப்பு எதுல வருதுன்னு போய்ப் பாருங்க. சந்தா :-) டிஸ்க் செத்தாலும் பழைய மேப்பாவது ஓடும். 2022ல ஏடி&டியும் வெரைசானும் 3ஜி-யை அணைச்சப்ப எத்தனையோ கார்கள்ல நெட்டை நம்பி இருந்த வசதிகள் அப்படியே போச்சு. "போனை மாட்டிட்டுப் போ"ன்னு நாம சிரிச்சுட்டுப் போற ஒவ்வொரு தடவையும் அவங்களுக்கு நல்ல தைரியம் வருது.

"பழைய காரை எவன்யா ஓட்டுறான்"னு கேக்காதீங்க. 2024 கணக்குப்படி அமெரிக்க ரோட்டுல ஓடுற வண்டிகளோட சராசரி வயசு 12.6. நம்ம பசங்க எம்.எஸ். படிக்க வந்து முதல்ல வாங்குற வண்டி எல்லாம் எந்த வருஷத்துதுன்னு நினைக்கிறீங்க? "கண்டவன் செஞ்ச மேப்பைப் போட்டா ஆபத்து"ன்னு சொல்றவங்களுக்கும் ஒரு கேள்வி: ஒன்-வே மாறினது தெரியாத 2016 மேப்பு மட்டும் பாதுகாப்பா?

நான் இலவச மேப் கேக்கல, சோர்ஸ் கோடும் கேக்கல. டூம் கேமை 1993ல வெளியிட்ட கம்பெனி, 1997லயே கோடைத் தூக்கி வெளியில வெச்சுது. அதனால அவங்க ஒண்ணும் நடுத்தெருவுக்கு வந்துடல. கடைசி டிஸ்க் அனுப்புற அன்னைக்கு ஃபார்மேட் ஆவணத்தை வெளியிடட்டும், அந்த செக்கை நிறுத்த ஒரு அப்டேட் விடட்டும். மீதியை நாங்க பார்த்துக்கிறோம். சனி ஞாயிறு ஆணி இல்லாம சும்மா உக்காந்திருக்கிற பொட்டி தட்டுற ஜாதிக்கு இதைவிட என்ன வேணும்?

புது கார் வாங்கப் போற மக்களே, கவுண்டர்ல கலர் கேக்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: மேப் அப்டேட் எத்தனை வருஷம், அது முடிஞ்சா என்ன, எழுத்துல தருவீங்களா? அந்த ஆள் மேனேஜரைக் கூப்பிடுவார். அவர்கிட்டயும் கேளுங்க.

டிஸ்கி: இருபது டாலருக்கு காப்பி டிஸ்க் எங்க கிடைக்கும்னு தனிமடல்ல கேக்காதீங்க. அதுவும் அதே 2016 டிஸ்க்கோட நகல்தான்.