சிவப்புக் கேலிப்பரும் மூன்று மில்லிமீட்டரும்

தஞ்சோங் ரம்புத்தானிலும் செம்மோரிலும் ஈப்போவைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் வாழும் நம் இளைஞர்களில் ஒரு சாரார், இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய புரோட்டோன் கார்களை வாங்கி, அவற்றின் சக்கரங்களுக்குள்ளே சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும், சிவப்பு வர்ணம் பூசிய பெரிய பிரேக் கேலிப்பர்களைப் பொருத்திக்கொண்டு வலம் வருவதைக் கண்டு, இது வீண் ஆடம்பரம், வாலிபச் செருக்கு என்று பெரியவர்கள் ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. காரின் ஓட்டத்தைப் பெருக்கப் பணம் செலவிடும் பலருக்கு நடுவே, அதை நிறுத்தும் சக்தியைப் பெருக்கச் செலவிடுகிறவன் ஒருவன் இருப்பானேயானால், அவன் பழிக்கத்தக்கவன் அல்லன். என் ஆட்சேபம் வேறு இடத்தில் இருக்கிறது. கேலிப்பர் வாங்குவதற்கு மாதக்கணக்கில் பணம் சேர்க்கிற அதே இளைஞன், அது தன் சக்கரத்துக்குள் அடங்குமா, அடங்கினாலும் சக்கரம் உருளும்போது உரசாமல் இருக்குமா என்பதை அளந்து பார்க்க அரைமணி நேரம் செலவிடுவதில்லை. அவனிடம் கூலி வாங்கும் பட்டறையும் அதை வற்புறுத்துவதில்லை. இந்த அலட்சியம் உயிரோடு விளையாடுவதாகும் என்பதே என் அபிப்பிராயம்.

ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், லயத்து வீடுகளை விட்டு நம் குடும்பங்கள் ஈப்போவின் ஓரங்களுக்குக் குடிபெயர்ந்ததும் பேராக்கின் தமிழர் எல்லாரும் அறிந்த சரித்திரம். அப்படி வந்தவர்களின் பிள்ளைகளில், படிப்பு பாதியில் நின்றுபோனவனையும் கூச்சமின்றி உள்ளே அழைத்துக்கொண்ட தொழில்களில் ஒன்று மோட்டார் பட்டறை. ‘போமென்’ என்று ஊரார் அழைக்கும் அந்த மெக்கானிக் ஸ்தானம் கையில் எண்ணெய்க் கறையோடு வந்தாலும், கௌரவத்தோடுதான் வந்தது. 1985இல் புரோட்டோன் சாகாவும் 1993இல் வீராவும் வெளிவந்தபின், சொந்தக் கார் என்பது தோட்டத்துத் துரைமாருக்கும் கிராணிமாருக்கும் மட்டுமே உரிய பொருளாக இல்லாமற்போயிற்று. வீராவின் உடற்கூடு மிட்சுபிஷி லான்சரிலிருந்து பெறப்பட்டது; அதே தலைமுறைக் கூட்டின்மேல்தான் ஜப்பானியர்கள், பந்தயத்தை உத்தேசித்து, லான்சர் இவோலூஷனின் முதல் மூன்று பதிப்புகளை நிர்மாணித்திருந்தார்கள். இந்த உறவைக் கண்டுகொள்ள நம் போமென்களுக்குப் பொறியியல் பட்டம் தேவைப்படவில்லை. ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்துக் கொண்டுவரப்படும் ‘ஹாஃப்-கட்’ வண்டிகளை உடைத்து விற்கும் கடைகளில் குவியல் குவியலாய்க் கிடந்த உறுப்புகளில், எது எதனோடு பொருந்தும் என்பதை அவர்கள் கையால் தடவியே கற்றுக்கொண்டார்கள். அந்தக் கல்வியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சங்கடம் தொடங்கியது 1998இல் வந்த ஐந்தாம் பதிப்பு இவோலூஷனோடு. அதில் இத்தாலியின் பிரெம்போ நிறுவனத்தார் செய்த, நான்கு பிஸ்டன்கள் கொண்ட முன் கேலிப்பரும், 320 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிஸ்க்கும் இருந்தன; அவற்றை அடக்கும்பொருட்டே அந்தக் காருக்கு 17 அங்குலச் சக்கரம் இடப்பட்டது. வீராவோ 13, 14 அங்குலச் சக்கரங்களோடு, நான்கு நட்டுகளில் ஓடப் பிறந்த வண்டி. இவோலூஷனுக்கு ஐந்து நட்டு. ஒன்றின் கேலிப்பரை மற்றொன்றில் மாட்டுவதென்றால் ஹப், பிராக்கெட், டிஸ்க், சக்கரம் ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று கலந்தாலோசித்தாற்போல மாறவேண்டும். நடைமுறையில், கேலிப்பர் முதலில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. மற்றவையெல்லாம் அதற்குப் பின்னால் ஓடி ஓடி இடங்கொடுக்கின்றன.

பெரிய பிரேக்கினால் உண்மையான பிரயோஜனம் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதிலுள்ள இயக்க சக்தி ஏறக்குறைய 386 கிலோஜூல். குழாயில் பிடித்த ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்தும் மிச்சப்படக்கூடிய அளவு அது. காரை நிறுத்தும்போது அந்தச் சக்தியின் பெரும்பகுதி சில விநாடிகளுக்குள் உஷ்ணமாக மாறி டிஸ்க்குகளில் ஏறுகிறது. ஒருமுறை நிறுத்துவதற்கு வீராவின் சொந்தப் பிரேக்கே போதும். அது நல்ல நிலையில் இருந்து, பெடலை அழுத்தியதும் சக்கரம் பூட்டிக்கொள்ளுமளவு பிடிக்குமானால், அதற்குமேல் நிறுத்துகிற வேலை டயரின் பற்றுதலைச் சார்ந்தது. எத்தனை பிஸ்டன் கேலிப்பரை மாட்டினாலும் தேய்ந்துபோன டயர் நனைந்த சாலையில் வழுக்கவே செய்யும். ஆனால் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் நிலைமை வேறு. அதில் ஆயிரம் மீட்டர் உயரத்தை இறங்குகிற அதே ஒரு டன் கார் 9,800 கிலோஜூல் சக்தியைக் கழித்தாக வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபத்தைந்து முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்கு அது சமம். கியரைக் குறைத்து இன்ஜினைக்கொண்டு வேகத்தைத் தடுக்கத் தெரிந்தவன் அந்தச் சுமையில் பெரும்பங்கை இன்ஜினிடம் ஒப்படைக்கிறான். தெரியாதவன் முழுவதையும் நான்கு பிரேக்குகளின் தலையில் கட்டுகிறான். 2010 டிசம்பரில் தாய்லாந்துச் சுற்றுப்பயணிகளின் பேருந்து விபத்துக்குள்ளாகி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது இந்த மலைச்சாலையில்தான். அதன் இறக்கத்தை அற்பமாக எண்ண எவருக்கும் உரிமையில்லை.

உஷ்ணத்தைத் தாங்கி, மீண்டும் மீண்டும் அழுத்தினாலும் களைக்காமல் பிடிப்பதே பெரிய டிஸ்க்கின் சிறப்பு. 1953இல் பிரான்ஸின் லெ மான் நகரத்து இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூண்ட ஜாகுவார் கார் வெற்றிபெற்றபோது உலகம் கண்டுகொண்டதும் இதைத்தான். எனவே, மலையேறுகிறவனும், பந்தயத் திடலில் ஓட்டுகிறவனும் பெரிய பிரேக்கை நாடுவதில் நியாயம் உண்டு. நாள்தோறும் தஞ்சோங் ரம்புத்தான் கடைத்தெருவிலும், 1911 முதல் இயங்கிவரும் மனநல மருத்துவமனையின் முன்புறச் சாலையிலும், தமிழ்ப்பள்ளி விடும் நேரத்துக் கூட்டத்திலும் ஊர்ந்து செல்கிறவனுக்கு, புதிய பிரேக் பேடும், நல்ல டயரும், இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றிய பிரேக் எண்ணெயும் போதும். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தபட்சம் 230 பாகை செல்சியஸில் கொதிக்கும், ஈரம் ஏறிய நிலையில் 155 பாகைவரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி அமுங்கிக் கொடுப்பதால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. மழைக்காடு சூழ்ந்த நம் நாட்டு ஈரக்காற்றில் இதைக் காட்டிலும் அவசியமான பராமரிப்பு வேறில்லை என்றே சொல்வேன்.

இனி, இடைவெளிக்கு வருவோம். இங்குதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். 17 அங்குலம் என்று ரிம்மில் பொறித்திருப்பது டயரின் விளிம்பு வந்து அமரும் இடத்தின் விட்டம். கேலிப்பர் குடியிருக்கும் உட்குழியின் விட்டம் அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பது ரிம்முக்கு ரிம் மாறுபடும். ஆரக்கால்கள் உட்புறமாக எவ்வளவு வளைந்திருக்கின்றன என்பதும் அப்படியே. ஆகையால் நண்பனுடைய 17 அங்குல ரிம்முக்குள் அடங்கிய கேலிப்பர் நம்முடைய 17 அங்குல ரிம்முக்குள் அடங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அளக்கவேண்டிய இடங்கள் இரண்டு: கேலிப்பரின் முதுகுக்கும் ரிம்மின் உட்சுவருக்கும் நடுவே ஒன்று, கேலிப்பரின் முகத்துக்கும் ஆரக்காலுக்கும் நடுவே மற்றொன்று. இரண்டிலும் குறைந்தது மூன்று மில்லிமீட்டர் வேண்டும். சற்றுக் கூடுதலாக இருந்தால் நிம்மதி. ஜாக்கியில் தூக்கி நிறுத்திய வண்டியில் ஒரு மில்லிமீட்டர் போதுமென்று தோன்றலாம். ஆனால் வளைவில் திரும்பும்போது சக்கரம் சிறிது நெளிகிறது, பேரிங் தேய்ந்தால் அதுவும் சிறிது ஆடுகிறது, குழியில் விழுந்தால் ரிம் கோணுகிறது. டயர் கடையில் சக்கரத்தைச் சமநிலைப்படுத்த உட்சுவரில் ஒட்டும் ஈயக்கட்டியே சில மில்லிமீட்டர் பருமன் உடையது. அந்தக் கட்டியைக் கேலிப்பர் உரித்தெறிந்து, நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கும்போது, காரணம் தெரியாமல் ஓட்டுநர் திகைப்பான்.

தஞ்சோங் ரம்புத்தானிலுள்ள ஒரு சிறு பட்டறையில், வயது முதிர்ந்த போமென் ஒருவர் இந்தச் சோதனையைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் அவர் தடித்த அட்டையில் கேலிப்பரின் வடிவத்தை உண்மை அளவில் வரைந்து வெட்டி, கழற்றிய ரிம்மின் ஹப் துளையில் அதன் முனையைப் பொருத்தி, ரிம்மை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். கேலிப்பர் தயாரிப்பாளர் சிலர் இத்தகைய வரைபடத்தைத் தாமே வெளியிடுகிறார்கள், காசு கொடுப்பதற்கு முன்பே செய்யக்கூடிய சோதனை இது. வண்டியின் சொந்தக்காரனாகிய இளைஞன் பொறுமையிழந்து, “அண்ணே, ரிம்மு உள்ள போகுதுல்ல, அப்புறம் என்ன?” என்றான். “உள்ள போறது வேற, உருள்றது வேற தம்பி” என்று சொல்லிவிட்டு அவர், பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணில் சிறு சிறு உருண்டைகள் பிடித்துக் கேலிப்பரின் புடைத்த இடங்களில் ஒட்டினார். பிறகு ரிம்மை மாட்டி, நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக முடுக்கி, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மீண்டும் கழற்றினார். நசுங்கிய களிமண்ணைக் கத்தியால் பிளந்து அதன் பருமனை அளவுகோலில் பார்த்தபோது ஓரிடத்தில் ஒன்றரை மில்லிமீட்டரே இருந்தது. அந்த ரிம் அந்த வண்டிக்கு ஏறவில்லை. அவர் புதிய பேட்களை இட்டுத்தான் அளந்தார். ஒருபக்கப் பிஸ்டனோடு நகரும் வகைக் கேலிப்பரில், பேட் புதிதாக இருக்கையில்தான் கேலிப்பரின் உடல் ஆரக்காலை மிகவும் நெருங்கி நிற்கும். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, பிரேக் குழாய் இழுபடுகிறதா, எதிலாவது உராய்கிறதா என்பதையும் பார்த்தார்.

இடைவெளி போதாதென்று தெரிந்தபின் சிலர் கையாளும் பரிகாரங்கள் நோயைவிடக் கொடியவை. ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் தட்டு ஒன்றைச் செருகுவது அவற்றில் பிரபலமானது. அது சக்கரத்தை வெளிப்புறம் தள்ளுவதால் ஆரக்காலில் உரசுவது நீங்கலாம். ஆனால் உட்சுவரின் விட்டம் அதனால் பெரிதாகிவிடாது. தட்டின் பருமன் எவ்வளவோ அவ்வளவும் நட்டு கடிக்கும் மரையிலிருந்து குறைகிறது. 12 மில்லிமீட்டர் போல்ட்டில் ஒன்றரை மில்லிமீட்டர் மரை என்றால், நட்டு எட்டுச் சுற்றாவது ஏறவேண்டும். ஐந்தாறு சுற்றில் நின்றுவிடும் நட்டை நம்பி மனைவி மக்களை ஏற்றிச் செல்லலாகாது. கேலிப்பரின் முதுகையோ ஆரக்காலின் உட்புறத்தையோ கிரைண்டரால் தேய்த்து இடம் உண்டாக்குவதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. அழுத்தம் தாங்குவதற்கென்று கணக்கிட்டு வார்த்த உலோகத்தைக் கண்மதிப்பில் மெலிதாக்குகிற மனிதன், அது எப்போது விரியும் என்பதையும் கண்மதிப்பிலேயே சொல்லத் தயாராக இருக்கவேண்டும்.

சக்கரத்துக்குள் அடங்கிவிட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. பெரிய பிஸ்டன்களுக்கு அதிக எண்ணெய் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அதைத் தள்ளித் தீர்ப்பதற்குள் பெடல் ஆழமாகச் செல்லும். முன் பிரேக் அளவுக்கு மீறி வலுத்தால் பின்சக்கரங்கள் சோம்பிக் கிடக்கும். பின் பிரேக் வலுத்தால் வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். ஹாஃப்-கட் கடையில் வாங்கிய கேலிப்பராயின் அதன் ரப்பர் வளையங்களை மாற்றாமல் மாட்டவே கூடாது.

சட்டம் நமக்கு எவ்வளவு துணை? 1959ஆம் ஆண்டு மோட்டார் வாகன நிர்மாண விதிகளும் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் இருக்கின்றன. ஆயினும் லாரிக்கும் பேருந்துக்கும் உள்ளதுபோல ஆறு மாதத்துக்கொரு கட்டாயப் பரிசோதனை சொந்தக் கார்களுக்கு இல்லை. பெயர் மாற்றம் முதலிய சந்தர்ப்பங்களில்தான் அவை பரிசோதனைக்குச் செல்கின்றன. ஆகவே, ஒரு வீராவுக்குப் புதிய கேலிப்பர் ஏறுகிற நாளில் அதை அனுமதிக்கும் அதிகாரி, பரிசோதிக்கும் நிபுணர், கடைசியாகக் கண் வைக்கும் சாட்சி ஆகிய மூவருமாக நிற்பவர் அந்தப் போமென் ஒருவரே.

அதனால்தான் ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் இந்தத் தொழிலைச் செய்துவரும் நம் பட்டறைக்காரர்களிடம் ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன். பிரேக் மாற்றிய ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்: ரிம்மின் அகலமும், ஹப்பில் அமரும் அதன் முகம் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டும் ஆஃப்செட் எண்ணும், டிஸ்க்கின் விட்டம், உட்சுவரிலும் ஆரக்காலிலும் அளந்த இடைவெளி, நட்டு ஏறிய சுற்றுகள், எண்ணெய் மாற்றிய தேதி. வண்டிக்காரன் அந்தச் சீட்டோடு பரிசோதனை நிலையத்துக்குத் தானாகவே சென்று, உருளைமேல் ஏற்றி நான்கு சக்கரங்களின் பிடிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை அறிவிக்கட்டும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் அவனை மீண்டும் வரவழைத்து, நட்டுகளை முடுக்கி, ரிம்மைக் கழற்றி உட்சுவரில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இதற்காகக் கூலியில் சிறிது சேர்த்துக் கேட்டால் எந்த நியாயவானும் மறுக்கமாட்டான். சீட்டில் எழுதவேண்டிய இடைவெளி மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால், வந்தவன் எவ்வளவு வற்புறுத்தினாலும், பழைய கேலிப்பரையே திரும்ப மாட்டிச் சாவியைக் கொடுத்தனுப்புங்கள்.