திறப்பு விழாவோடு முடிவதல்ல கொடை

தங்கள் மண்ணில் பிறந்த வங்கியின் தலைமையகத்தை இன்றுவரை தக்கவைத்திருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் மிகச் சிலவே. கும்பகோணம், கரூர், தூத்துக்குடி மூன்றும் அவற்றில் முக்கியமானவை. இன்றைய சிட்டி யூனியன் வங்கி 1904-இல் கும்பகோணம் வங்கியாகத் தொடங்கியது. கரூர் வைஸ்யா வங்கி 1916-இல் பிறந்தது. 1921-இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. கடைவீதி வணிகர்களின் முதலிலும் ஊர்க்காரர்களின் வைப்புத்தொகையிலும் வளர்ந்தவை இவை. பள்ளிக்கு மேசை நாற்காலி, மருத்துவமனைக்கு டயாலிசிஸ் இயந்திரம், மயானத்துக்குக் கொட்டகை என்று எது தேவைப்பட்டாலும் ‘நம்ம பேங்க்கிலே கேட்டுப் பார்ப்போம்’ என்று சொல்லும் உரிமை இப்படிப்பட்ட ஊர்களுக்கு உண்டு.

அந்த உரிமையை மதித்து உள்ளூர் வங்கிகள் கொடுக்கவும் செய்கின்றன. கொடுப்பது போதுமா என்பதைவிட, கொடுக்கும் முறை சரியா என்பதே இப்போது கேட்க வேண்டிய கேள்வி. பொருளை வாங்கி இறக்கி, நாடா வெட்டி, புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு கொடை முடிந்துவிடக் கூடாது. குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு அந்தப் பொருளை இயங்க வைக்கும் செலவும் பொறுப்பும் கொடையோடு சேர்ந்தே வர வேண்டும்.

அரசுப் பள்ளிகளுக்கு நிறுவனங்கள் விரும்பிக் கொடுக்கும் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். வந்த புதிதில் பிள்ளைகள் வரிசையில் நின்று பிடிக்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் ஓடும் இடத்தில் முதல் ஃபில்டர் சில மாதங்களிலேயே மண்ணும் துருவும் ஏறிப் பழுப்பாகிவிடும். அதை அவ்வப்போது மாற்றாவிட்டால் உள்ளே இருக்கும் மெம்ப்ரேன் அடைத்துக்கொள்ளும். கோடை விடுமுறை முழுக்க இயந்திரம் ஓடாமல் கிடந்தாலும் அதுவே கதி. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். பிறகு அதுவும் நின்றுவிடும். தலைமையாசிரியர் கைக்காசைப் போட வேண்டும், அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகத்திடம் கேட்க வேண்டும். இரண்டும் நடக்காதபோது பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவரத் தொடங்குவார்கள். சுவரில் கொடுத்தவர் பெயரைத் தாங்கிய பலகை மட்டும் பளிச்சென்று இருக்கும்.

இதற்கு எந்த ஒரு வங்கியையும் குறை சொல்லிப் பயனில்லை. சட்டம் அமைந்திருக்கும் விதமே இந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு வரம்பைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தனிச் சட்டங்களின் கீழ் அமைந்த பொதுத்துறை வங்கிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. முந்தைய ஆண்டு லாபத்தில் 1 விழுக்காடு வரை நன்கொடை தரலாம் என்ற ரிசர்வ் வங்கியின் வரையறை அவற்றுக்கு உண்டு. தனியார் வங்கிகளுக்கோ இது சட்டக் கடமை. கடமையென்று ஆனபின் அதை வங்கியின் தயவாகப் பார்க்கத் தேவையில்லை, கணக்குக் கேட்கலாம்.

அந்தக் கணக்கில்தான் ஓட்டைகள் இருக்கின்றன. 2021-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, சமூகப் பொறுப்பு நிதியில் உருவாகும் கட்டடமும் இயந்திரமும் கொடுத்த நிறுவனத்தின் சொத்தாக இருக்க முடியாது; அறக்கட்டளை, பயனாளிகள் குழு, அரசு அமைப்பு போன்றவற்றின் பெயரில்தான் இருக்க வேண்டும். நிறுவனங்கள் நன்கொடையைக் காட்டித் தம் சொத்தைப் பெருக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்கான நல்ல விதி இது. ஆனால் ஒப்படைத்த மறுநாளே வங்கி கை கழுவிக்கொள்ளவும் இதுவே வசதியாகிறது. பயன் மதிப்பீடு கட்டாயம் என்ற விதி, சராசரியாக ஆண்டுக்கு 10 கோடி ரூபாய்க்குக் குறையாத கடமை உள்ள நிறுவனங்களின், 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களுக்கு மட்டுமே. சில லட்சம் ரூபாய்க்கு ஒரு பள்ளியில் வைத்த இயந்திரம் ஓடுகிறதா என்று பார்க்க எந்த மதிப்பீட்டாளரும் வரப்போவதில்லை. போதாக்குறைக்கு, நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. அதற்குள் செலவைக் காட்டியாக வேண்டும் என்ற அவசரத்தில், உடனே வாங்கி உடனே ஒப்படைக்கக் கூடிய பொருளே எளிய வழியாகத் தெரியும்.

வேறு வழி இல்லையா? அதே சட்டத்தில் இருக்கிறது. ‘தொடர் திட்டம்’ என்று வங்கியின் இயக்குநர் குழு ஒப்புதல் தந்தால், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மேலும் மூன்று ஆண்டுகள் வரை ஒரே பணிக்குச் செலவிடலாம். அந்த ஆண்டில் மிஞ்சிய தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாள்களுக்குள் தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். அதாவது ஃபில்டர் மாற்றவும், மின்மோட்டார் பழுது பார்க்கவும், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடவும் இன்றே பணம் ஒதுக்கிவைக்கச் சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. பத்துப் பள்ளிகளுக்கு இயந்திரம் வாங்கும் பணத்தில் ஏழு பள்ளிகளுக்கு வாங்கி, மீதத்தில் அந்த ஏழு இயந்திரங்களையும் ஓட வைப்பதுதான் புத்திசாலித்தனமான செலவு. ஆண்டறிக்கையில் எண்ணிக்கை குறையும், தண்ணீர் குறையாது.

‘அரசுப் பள்ளியைப் பராமரிப்பது அரசின் வேலை அல்லவா?’ என்று வங்கியாளர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தொகுப்பு மானியம் என்று பள்ளிக்கு வருவது சாக்பீஸ் முதல் மின்விளக்கு வரை பல செலவுகளுக்கும் பங்கு போக வேண்டிய சிறு தொகை. அந்தப் பள்ளி கேட்டு வாங்காத ஓர் இயந்திரத்தின் செலவையும் அதன் தலையில் கட்டுவது உதவி ஆகாது. அரசுப் பள்ளிகளுக்கு நிறுவனங்களின் நிதியைத் திரட்ட 2022 டிசம்பரில் தமிழக அரசு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தைத் தொடங்கியது. அந்த வழியில் வரும் பொருள்களுக்கும் பராமரிப்பு உறுதியை அரசே நிபந்தனையாக்கலாம். ‘இது பங்குதாரர்களின் பணம்’ என்பது இன்னொரு வாதம். அப்படியானால் அது வீணாகாமல் பார்த்துக்கொள்வதில் அவர்களுக்கே முதல் அக்கறை இருக்க வேண்டும்.

கொடையோடு பராமரிப்பையும் சேர்த்துக் கட்டுவது நமக்குப் புதிய பாடம் அன்று. சோழர் காலத்தில் கோயிலுக்கு அணையாமல் எரியும் நந்தா விளக்கு வைத்தவர்கள் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்ற கணக்கில் ஆடுகளையும் கொடுத்தார்கள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு தட்டியதும் செத்ததும் போக மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால்தான் அவற்றுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். யார் கொடுத்தார், யார் பொறுப்பு, எவ்வளவு அளக்க வேண்டும் என்பதெல்லாம் ஊரார் பார்க்கும்படி கல்லில் வெட்டப்பட்டது. நம் காலத்துப் பெயர்ப்பலகைகளில் முதல் விவரம் மட்டும்தான் இருக்கிறது.

உள்ளூர் வங்கியிடம் இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. தஞ்சாவூர் வங்கி 1990-இல் இந்தியன் வங்கியிலும், திருநெல்வேலியின் பேங்க் ஆஃப் தமிழ்நாடு அதே ஆண்டில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியிலும் கலந்தன. மதுரையின் பேங்க் ஆஃப் மதுரா 2001-இல் ஐசிஐசிஐ வங்கியோடும், கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்தோடும் இணைந்தன. கிளைகள் எஞ்சின, ஆனால் ஊர்க்காரர் நேரில் போய்க் கேட்கக்கூடிய தலைமை மேசை போய்விட்டது. உள்ளூர்ப் பகுதிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அது வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021-இல் விளக்கிவிட்டது. எனவே சொந்த ஊரில் தலைமையகம் வைத்திருக்கும் வங்கியால்தான், கொடுத்த பொருளை நடந்து போய்ப் பார்க்கவும் முடியும். பார்க்காமல் இருப்பதற்குச் சாக்குச் சொல்லவும் முடியாது.

செய்ய வேண்டியவை மூன்று. எந்தப் பொருளைக் கொடுத்தாலும் மூன்று ஆண்டுப் பராமரிப்புச் செலவை அதே ஒப்புதலில் ஒதுக்க வேண்டும். அருகிலுள்ள கிளையின் மேலாளரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சேர்ந்து போய்ப் பார்த்து, ஓடுகிறதா இல்லையா என்று எழுத்தில் பதிய வேண்டும். வங்கியின் இணையதளத்தில் ஆங்கிலப் பட்டியலாகக் கிடக்கும் விவரங்களில் அந்த வட்டாரத்துக்கு உரியவற்றை, இந்தப் பதிவோடு சேர்த்து, கிளையின் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். எங்கே, எவ்வளவு, இப்போது எந்த நிலையில் என்பதை வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர் படிக்க முடிய வேண்டும்.

இதற்குப் புதிய சட்டமோ கூடுதல் நிதியோ வேண்டாம். இயக்குநர் குழுவின் ஒரு தீர்மானம் போதும். கும்பகோணத்திலோ கரூரிலோ தூத்துக்குடியிலோ ஒரு வங்கி இதை முதலில் செய்தால் மற்றவை பின்தொடரும். வரும் நிதியாண்டுக்கான திட்டங்களுக்கு ஒப்புதல் தரும்போதே இதைத் தொடங்க வேண்டும்.