பிள்ளைத்தாய்ச்சிக்கு ஃப்ளூ ஊசி எதற்கு என்கிறவர்களுக்கு

“பிள்ளைத்தாய்ச்சிக்கு ஊசியெல்லாம் வேண்டாம். சளிக்காய்ச்சல்தானே, கஷாயம் வைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும்.” ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் இந்தப் பேச்சு வீட்டுக்கு வீடு கேட்கிறது. அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அந்த அக்கறையே ஆபத்தில் கொண்டுபோய் விடுகிறது.

இன்ஃப்ளூயன்சா வெறும் சளி அல்ல. கர்ப்பம் வளர வளரக் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. மூச்சுக்கு இடம் குறைகிறது. இதயமும் வழக்கத்தைவிட அதிக ரத்தத்தை இறைக்கிறது. இந்த நிலையில் நிமோனியா வந்தால் உடம்பு தாங்காது. 2009இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது, அமெரிக்க மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதமே இருந்த கர்ப்பிணிகள், அந்நோயால் இறந்தவர்களில் சுமார் 5 சதவீதமாக இருந்தார்கள். கஷாயம் தொண்டைக்கு இதம், குடிக்கட்டும். அது வைரஸைத் தடுக்காது.

ஊசி பிள்ளையைப் பாதிக்கும் என்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரணஜன்னி ஊசிக்கு இதே குடும்பங்கள் தயங்காமல் கை நீட்டுகின்றன. கர்ப்பிணிகளுக்குப் போடும் ஃப்ளூ ஊசியிலும் உயிருள்ள கிருமி இல்லை. அதனால் ஃப்ளூ வராது. கை வலிக்கலாம், ஓரிரு நாள் உடம்பு சுடலாம். மூக்கில் தெளிக்கும் வகையில்தான் உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் இருக்கிறது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியது அதைத்தான்.

கருச்சிதைவு பற்றிய பயத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அடுத்தடுத்த ஆண்டுகளில் ஊசி போட்டவர்களிடம் அப்படி ஒரு தொடர்பு இருக்கலாம் என்று காட்டியது. அதே ஆய்வாளர்கள் இன்னும் அதிகமான பெண்களை வைத்து, பிந்திய பருவங்களில் மறுபடி ஆராய்ந்தார்கள். அந்தத் தொடர்பு தென்படவில்லை. முதல் செய்தி பரவிய வேகத்தில் இரண்டாவது பரவாததுதான் எனக்கு வருத்தம்.

பிறந்தபின் குழந்தைக்கே போட்டுக்கொள்ளலாம் என்போரும் உண்டு. 6 மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி கிடையாது. அதுவரை தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்த எதிர்ப்பொருள்தான் அதற்குக் காவல். வங்கதேசத்தில் 340 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு, பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரே ஊசி, இரண்டு உயிருக்குக் காப்பு.

எந்த மாதத்திலும் போடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிர்ப்பு சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். சென்னையில் ஃப்ளூ உச்சம் தொடுவது அக்டோபர், நவம்பரில். ஆகவே மழைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் சென்ற ஆண்டு ஊசி இந்த ஆண்டுக்கு உதவாது. ஊசி முழுக் கவசம் அல்ல என்பதும் உண்மை. போட்ட பிறகும் காய்ச்சலும் இருமலும் வந்தால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். ஒசெல்டமிவிர் மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிறார்கள். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் பலன் அதிகம்.