ஜெர்மனியின் ஹம் நகரில் வளர்ச்சி பிந்திய சிறு பிள்ளைகளுக்கு உரிய காலத்தில் ஆதரவு வேண்டிச் சமர்ப்பிக்கும் கோரிக்கை மனு

பெறுநர்: ஹம் நகரபிதா அவர்கள், நகர இளைஞர் நலத் திணைக்கள அதிபர் அவர்கள், மூன்ஸ்டரில் அமைந்த வெஸ்ட்ஃபாலன்-லிப்ப பிராந்தியச் சபையின் பொறுப்பதிகாரி அவர்கள்.

கனம் பொருந்திய அதிகாரிகளே,

1983 ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பின் இலங்கையினின்றும் அடைக்கலம் தேடி வந்து, இந்நகரத்தையும் இதனைச் சூழ்ந்த ஊர்களையும் வாழ்விடமாகக் கொண்ட குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இப்போது தொட்டிலில் கிடக்கிறது. ஊன்ட்ரொப் பகுதியில் 2002 ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த்திருவிழாவுக்கு வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரள்வதைத் தாங்கள் அறிவீர்கள். அத்திரளில் காணப்படாத சில பிள்ளைகளைக் குறித்தே, தமிழ்ப் பெற்றோர் சங்கத்தினராகிய நாங்கள் இம்மனுவை எழுதத் துணிந்தோம். நடை பிந்திய பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத பிள்ளை, மூன்று வயதாகியும் வாய் திறவாத பிள்ளை ஆகியோரைப் பிறர் கண்ணில் படாமல் வீட்டிலேயே வைத்திருக்கும் தாய்மார் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள்.

சட்டத்திலே குறை கண்டு நாங்கள் வரவில்லை. சமூகச் சட்டத் தொகுதியின் ஒன்பதாம் நூல் 46 ஆம் பிரிவும், அதனை ஒட்டி 2003 இல் பிறந்த ஒழுங்குவிதியும், வளர்ச்சி பிந்திய பிள்ளைக்கும் பிந்தக்கூடும் என அஞ்சப்படும் பிள்ளைக்கும், பள்ளிப் பிரவேசம் வரையில், வைத்தியமும் உடலியக்கப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் விசேஷ கல்வியியல் ஆதரவும் தனித்தனியே அலைந்து தேடவேண்டாதபடி ஒரே கூட்டுச் சேவையாக, பெற்றோரிடம் பணம் பெறாமல், கிடைக்க வழிசெய்கின்றன. ‘ஃப்ரூஃபோர்டருங்’ என இந்நாட்டார் வழங்கும் இந்த ஏற்பாட்டில் விசேஷ கல்வியியல் ஆதரவுக்கான பொறுப்பு 2020 ஜனவரி முதல் பிராந்தியச் சபையைச் சேர்ந்துள்ளது. 1968 இல் தேயோடோர் ஹெல்ப்ரூக்க என்னும் வைத்தியர் முனிச் நகரில் முதலாவது சமூகக் குழந்தைநல மையத்தைத் தொடங்கிய நாள்தொட்டு இத்துறையில் இந்நாடு ஈட்டிய அனுபவம் பெரிது. ஆயினும், நன்கு கட்டப்பட்ட அந்த மாளிகையின் வாசற்படி, ஜெர்மன் பாஷையைத் தயக்கத்தோடு பேசும் ஒரு தாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய மஞ்சள் புத்தகத்தில் பதியப்படும் வளர்ச்சிப் பரிசோதனைகளுள் ‘ஊ 7’ என்பது இருபத்தொன்றாம் மாதத்துக்கும் இருபத்துநான்காம் மாதத்துக்கும் இடையில் நடைபெறுவது. அவ்வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத பிள்ளையைப் பற்றி வீட்டு மூத்தோர், “தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவர்” என்று ஆறுதல் கூறுகின்றனர். வெளியிலோ, “வீட்டில் இரண்டு பாஷைகள் வழங்குகின்றன, பொறுத்திருங்கள்” என்னும் ஆறுதல் கிடைக்கிறது. இவ்விரண்டும் ஒன்றுகூட, மூளை மிக விரைந்து இணைப்புகளை வளர்த்துக்கொள்ளும் பருவத்தில் ஒரு முழு வருஷம் கழிந்துபோகிறது. இதற்கு நேர்மாறான அநியாயமும் உண்டு. அப்பம்மாவோடு தமிழில் ஓயாது கதைக்கும் பிள்ளை, கிண்டர்கார்டனில் சேர்ந்த புதிதில் ஜெர்மனில் வாய் திறவாத காரணத்தால், ஜெர்மன் பிள்ளைகளுக்கென வகுத்த அளவுகோலால் அளக்கப்பட்டு, குறையுடையதென முத்திரை பெறுகிறது. உண்மையான பேச்சு வளர்ச்சிக் குறைபாடு பிள்ளை பேசும் இரு பாஷைகளிலும் தோன்றும் என்பதும், இரு பாஷை கேட்டு வளர்வதனால் மட்டும் அக்குறைபாடு உண்டாவதில்லை என்பதும் இத்துறை அறிஞர் ஒப்புக்கொண்ட விஷயங்களாதலின், இரண்டையும் சோதியாமல் கூறப்படும் முடிவு எதுவாயினும் அது அரைகுறையானதே. அதனினும் எங்களை வருத்துவது, வீட்டில் தமிழை விட்டுவிடும்படி பெற்றோருக்குச் சிலர் கூறும் ஆலோசனை. தன் மனமாரப் பேசத் தெரிந்த ஒரே பாஷையைத் தாய் கைவிட்டால், பேச்சுக்காக ஏங்கும் பிள்ளைக்கு அவள் வாயிலிருந்து கிடைக்கும் சொற்கள் பெருகுமா, குறையுமா?

மொழிபெயர்ப்பாளர் விஷயம் இதனோடு பிணைந்தது. மொழிபெயர்ப்பாளருக்கான செலவு வைத்தியத்தின் அங்கமன்று எனச் சமஷ்டிச் சமூக நீதிமன்றம் 1995 இல் தீர்ப்பளித்த நாள் முதல், மருத்துவக் காப்புறுதி நிறுவனங்கள் அதனை ஏற்பதில்லை. ஆகையால் பள்ளி செல்லும் மூத்த மகளே தாய்க்கும் வைத்தியருக்கும் நடுவில் அமர்ந்து, பிரசவத்தில் நேர்ந்த இடர்களையும் தம்பியின் குறைகளையும் எடுத்துரைக்கும் நிலை ஏற்படுகிறது. ஒரு சிறுமியின் தோளில் ஏற்றத்தகாத பாரம் அது. அவள் சொல்லாமல் விட்டதைக் கேட்டறிய வைத்தியருக்கும் வழியில்லை.

இளைஞர் நலத் திணைக்களத்தின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், பிள்ளையைப் பறித்துக்கொண்டு போவார்கள் என்னும் பீதி எங்கள் குடும்பங்களில் எழுவதையும் மறைக்க விரும்பவில்லை. ஆதரவு கேட்பது பெற்றோர் தம் கடமையில் தவறியதற்கு ஒப்புதலாகாது என்பதைத் திணைக்களமே தமிழில் எழுதி வெளியிட்டாலன்றி, எங்கள் வாய்ச்சொல்லால் மட்டும் அப்பீதி நீங்காது.

எனவே, வளர்ச்சி நிலையை ஆராயும் முதற் பரிசோதனையின்போதும் ஆதரவுத் திட்டம் வகுக்கப்படும்போதும், பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பொதுச் செலவில் உடனிருக்க வேண்டுமென்றும், காப்புறுதி நிறுவனங்கள் ஏற்காத அத்தொகையைப் பிராந்தியச் சபையும் நகரமும் தமக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டுமென்றும் பிரார்த்திக்கிறோம். பிள்ளை தமிழில் என்ன விளங்கிக்கொள்கிறது, என்ன பேசுகிறது என்பது பரிசோதனை அறிக்கையில் தவறாது இடம்பெற வேண்டும். மேற்சொன்ன ஒழுங்குவிதியின் 6அ பிரிவு, விண்ணப்பமின்றியே பெற்றோர் எவரும் அணுகத்தக்க ஆலோசனையையும் வீடு தேடிச் செல்லும் சேவையையும் ஏற்கெனவே அங்கீகரித்திருப்பதால், அவ்வாலோசனை நேரம் மாதம் ஒருமுறையேனும் எங்கள் குடும்பங்கள் கூடும் இடத்தில் நடைபெறுவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

விண்ணப்பங்களைக் குறித்து ஒன்று. தனக்கு உரியதல்லாத விண்ணப்பத்தை ஓர் அலுவலகம் இரண்டு வாரத்துக்குள் உரிய இடத்துக்கு அனுப்பிவிட வேண்டுமென அதே ஒன்பதாம் நூலின் 14 ஆம் பிரிவு விதிக்கிறது. பெற்றோரைத் திருப்பி அனுப்பாமல் காகிதத்தையே அனுப்புமாறு உத்தியோகத்தர்களுக்கு நினைவூட்ட வேண்டுகிறோம். ஆதரவுச் சேவையில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும் குடும்பத்துக்கு, வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகளைக் கற்பிப்பதற்கான வருகைகளேனும் இடையில் அளிக்கப்பட வேண்டும்.

வீடு தேடிச் செல்வது எத்தகைய பயனைத் தரும் என்பதற்குத் தமிழகத்திலேயே உதாரணம் உண்டு. 1981 இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் தென்காசிப் பகுதிக் கிராமங்களில் வீடுகளுக்கே சென்று, பெற்றோரையும் பயிற்சியில் பங்காளராக்குகின்றனர். அங்கே செல்வம் குறைவு. இங்கே பணக்குறை தடையாகாது. இந்நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் பிறந்து, சிறுவர் பராமரிப்பும் பேச்சுப் பயிற்சியும் கற்ற தமிழ் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுட் சிலரை, இலவச ஊழியமாக அன்றித் தக்க வேதனத்துடன், குடும்பங்களுக்கு வழிகாட்டிகளாக நியமிக்க வேண்டுகிறோம்.

எங்கள் பங்காக, தமிழ்த் துண்டுப் பிரசுரத்தின் வாசகத்தைத் திருத்திக் கொடுக்கவும், ஆலோசனை நேரத்தைத் தமிழ்ப் பாடசாலைகளிலும் ஆலயத்திலும் அறிவிக்கவும், முதன்முறை வரத் தயங்கும் தாயோடு துணையாக வரவும் நாங்கள் சித்தமாயிருக்கிறோம். இவற்றைக் குறித்து நேரில் கலந்து பேச, மூன்று அலுவலகங்களின் பிரதிநிதிகளும் ஒருசேர அமரும் ஒரு கூட்டத்துக்கு நாள் குறித்தருளுமாறும், அக்கூட்டத்திலேயே தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பங்களுக்குப் பொறுப்பான ஓர் உத்தியோகத்தரின் பெயரை அறிவிக்குமாறும் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
ஹம் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் சங்கத்தார்