முழங்கால் வரை ஒரு துணி

கெய்ட்டரைப் பற்றி ஆண்டு மலரில் எழுதப் போகிறோம் என்றதும் தோழியர் சிரித்தனர். எழுத வேறு பொருளா இல்லை என்றனர். ஆனால் எங்கள் சாரணியர் குழுவின் மலைநடை இவ்வாண்டு நின்றுபோனதே அந்தத் துணி இல்லாமையால்தான்.

சென்ற ஆண்டு ஜூலையில், ஆழியாறு வழியே 40 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வால்பாறைக்குப் போனோம். நல்ல மழை. தேயிலைத் தோட்டத்துப் பாதையில் 22 பேர், கான்வாஸ் ஷூவும் வெள்ளைக் காலுறையுமாக நடந்தோம். அரை மணிக்குள் வெள்ளை சிவப்பாயிற்று. அட்டை! அது கடிப்பது தெரிவதில்லை. இரத்தத்தை உறையவிடாத ஒரு பொருளைச் செலுத்துவதால், விழுந்த பின்னும் கசிவு நிற்பதில்லை. அதைப் பார்த்தே பாதிப்பேர் அழுதோம். சிலர் பிடுங்கி எறிந்தனர். அவர்களுக்குத்தான் புண் சீழ் கட்டியது. (நகத்தால் மெல்ல வழித்தெடுப்பதே முறை என்று பிறகு அறிந்தோம்.) “பெண் பிள்ளைகளுக்கு மலை எதற்கு?” என்று பெற்றோர் பலர் கேட்டனர். அருட்சகோதரிகளும் நடையை நிறுத்திவிட்டார்கள்.

பெற்றோரின் கவலையை மதிக்கிறோம். முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. 1984 மே 23-இல் பச்சேந்திரி பால் எவரெஸ்டின் உச்சியில் நின்றார். அவரும் ஒரு வீட்டின் பெண் பிள்ளைதானே! அன்று நாங்கள் பெண்களாகப் போனது பிழையன்று, காலை மூடாமல் போனதே பிழை.

கெய்ட்டர் என்பது பூட்ஸின் மேல்பகுதியிலிருந்து முழங்கால் வரை மூடும் உறை. பனியும் சேறும் கல்லும் பூட்ஸுக்குள் விழாமல் தடுக்கும். பூட்ஸ் கயிற்றை இறுக்கிய பின்பே இதை அணிய வேண்டும். முன்கொக்கியைக் கயிற்றில் மாட்டி, அடிவாரை உள்ளங்கால் வளைவுக்குக் கீழே இழுத்துப் பூட்ட வேண்டும். பூட்டு காலின் வெளிப்பக்கம் இருக்கட்டும். உட்பக்கம் இருந்தால் மற்றக் கால் இடறும். அட்டைக்கு இது மட்டும் போதாது. கயிற்றுத் துளை வழியேகூட அது நுழையும். ஆகவே உள்ளே, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் தைத்த அட்டை உறையும் வேண்டும்.

வாங்கினால் மட்டும் போதுமா? சேற்றோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சேறு காய்ந்ததும் தூரிகையால் தட்டி, குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். அடுப்பருகே காயப்போட்டால் நைலான் சுருங்கிவிடும். முதலில் தேய்வது அடிவாரே. அதை ஒவ்வொரு நடைக்கு முன்பும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அன்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, இடுப்பிலிருந்த உப்பு முடிச்சை அவிழ்த்து எங்கள் கால்களில் தேய்த்துவிட்டார். அவர் காலில் உரச்சாக்கின் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. “ஒரு நாளைக்கே இப்படி அழுதா எப்படி கண்ணு?” என்றார். நாங்கள் தலை குனிந்தோம். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று பேசியது. காலுக்கென்று எதையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. உல்லாசப் பயணிக்குக் கடையில் கெய்ட்டர் கிடைக்கிறது. நாள்தோறும் அங்கேயே நிற்பவருக்குச் சாக்கு!

தையல் வகுப்பில் ஆண்டு முழுதும் தலையணை உறைக்குப் பூ வேலை செய்கிறோம். ஒரு மாதம் மட்டும் காடாத்துணியில் அட்டை உறை தைக்க அனுமதி கேட்கிறோம். எங்களுக்கு 22 ஜோடி, அந்த அம்மாவுக்கும் உடன் பறிப்பவர்களுக்கும் 20 ஜோடி. துணிச் செலவுக்கு எங்கள் மிட்டாய்க் காசு இருக்கிறது. மாதிரி ஒன்று தைத்துத் தையலறை அலமாரியில் வைத்திருக்கிறோம். ஆண்டு விழாவுக்கு வரும் பெற்றோர் அதை இழுத்துப் பார்க்கலாம், தண்ணீர் ஊற்றியும் பார்க்கலாம்.